நாஸிர் ஷாத்லி: பெல்ஜியத்தின் கடைசி நிமிட கோலுக்குச் சொந்தக்காரர்

பெல்ஜியக் கால்பந்து என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஈடன் ஹஸார்ட், கெவின் டி ப்ருய்ன, ரொமேலு லுக்காக்கு என்று பெயர்களை அடுக்குவார்கள். நாஸிர் ஷாத்லி என்ற பெயர் அந்த வரிசையின் கடைசியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனால் 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியம் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்த நாடு உலகக் கோப்பை வரலாற்றில் இதுவரை தொட்ட உயரம் அதுதான். அந்தப் பயணம் பாதியிலேயே முடிந்துவிடும் என்றிருந்த இரவில் அணியைக் கரை சேர்த்தது ஷாத்லியின் கால். மொராக்கோ வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இவர் பெரும்பாலான காலம் மாற்று ஆட்டக்காரராகவே அறியப்பட்டவர். அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில வர்ணனையாளர்கள் இவரைச் 'சாட்லி' என்று அழைப்பார்கள். அரபியில் எழுதினால் அது நமக்கு நன்கு பழக்கமான 'ஷாதுலி'. மொராக்கோவில் பிறந்த இமாம் அபுல் ஹஸன் அஷ்-ஷாதுலி அவர்களின் பெயரால் அமைந்த ஷாதுலிய்யா தரீக்கா காயல்பட்டினத்திலும் இலங்கையின் கரையோர ஊர்களிலும் பல தலைமுறைகளாக அறிமுகமானது. பெயர் ஒன்று என்பதால் இவருடைய குடும்பத்துக்கும் அந்த ஆன்மிக வழிக்கும் தொடர்பு இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. வடஆப்பிரிக்காவில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர் அது, அவ்வளவுதான்.

லியேஜும் மொராக்கோவும்

ஷாத்லி 1989 ஆகஸ்ட் 2 அன்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தார். மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள லியேஜ் பிரெஞ்சு பேசும் பகுதி. நிலக்கரியாலும் எஃகு ஆலைகளாலும் வளர்ந்த ஊர். அங்கே மொராக்கோ குடும்பங்கள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு துயரமான முன்கதை உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்தின் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் இத்தாலியர்கள் மிக அதிகம். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். இத்தாலி அரசு தன் மக்களை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. சுரங்க முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். ஸ்பெயின், கிரேக்கம் என்று தேடிய பெல்ஜியம் 1964இல் மொராக்கோவுடனும் துருக்கியுடனும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போனதைப் போல, சில வருடம் உழைத்துச் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் போனவர்கள் பலர். வளைகுடாவில் குடியுரிமை கிடைப்பது அரிது. பெல்ஜியத்தில் குடும்பங்கள் வந்து சேர்ந்தன, பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், திரும்பும் பேச்சு மெல்ல மறைந்தது. 1974இல் பெல்ஜிய அரசு இஸ்லாத்தை அங்கீகரிக்கப்பட்ட மதங்களில் ஒன்றாகச் சட்டப்படி ஏற்றது. அதற்குள் சுரங்கங்கள் மூடத் தொடங்கிவிட்டன.

அந்தச் சமூகத்துக்குள் பிறந்த பையன்களுக்குக் கால்பந்து பெரிய வாசலாக இருந்தது. லியேஜின் புகழ்பெற்ற கிளப்பான ஸ்டாண்டர்டின் இளையோர் பிரிவில் ஷாத்லி பல வருடம் பயின்றார். ஆனால் அந்தக் கிளப்பின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பதினாறு வயதில் எல்லையைத் தாண்டி, பக்கத்திலேயே இருக்கும் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரக் கிளப்பின் இளையோர் பிரிவுக்குப் போனார். சொந்த ஊர்க் கிளப்பில் தேறாத பிள்ளை என்று அத்தோடு கதை முடிந்துபோவதுதான் வழக்கம்.

நெதர்லாந்தில் எட்டு ஆண்டுகள்

2007இல் ஷாத்லி அப்பெல்டோர்ன் நகரின் ஏ.ஜி.ஓ.வி.வி. என்ற கிளப்பில் சேர்ந்தார். நெதர்லாந்தின் இரண்டாம் பிரிவில் ஆடிய, பணவசதி இல்லாத கிளப் அது. 2013இல் திவாலாகி மூடப்பட்டது. அங்கே மூன்று பருவங்கள் ஆடினார். அதில் இரண்டு பருவங்களில் இவருடன் ஆடிய இன்னொரு பெல்ஜியர் ட்ரீஸ் மெர்டென்ஸ், பின்னாளில் நாப்போலியின் நட்சத்திரம். உயரம் குறைவு என்று சொல்லி இளம் வயதில் ஒதுக்கப்பட்டவர் அவர். உலகக் கோப்பையில் ஆடப்போகும் இரண்டு விங்கர்கள் அந்தச் சின்ன மைதானத்தில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மெர்டென்ஸின் பெயர் இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

விங்கர் என்றால் மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடித் தாக்குபவர். பொதுவாகக் குள்ளமாக, படு வேகமாக, பந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களை அந்த இடத்தில் பார்த்திருப்போம். ஷாத்லி அந்த அச்சில் வரவில்லை. ஆறடிக்கும் மேல் உயரம். வலதுகால்காரராக இருந்தும் இடது ஓரத்தில் ஆடி, உள்ளே வெட்டி வந்து கோலை நோக்கி அடிப்பார். ஓடிவந்து பெனால்டி பகுதிக்குள் சரியான நேரத்தில் நுழைவது இவருடைய தனித்திறமை. தேவைப்பட்டால் நடுக்களத்திலும் பின்வரிசையின் ஓரத்திலும் ஆடுவார். எங்கு வேண்டுமானாலும் ஆடுபவர் என்பது பயிற்சியாளருக்கு வசதி. ஆட்டக்காரருக்கு அது எப்போதும் நல்லதல்ல. எந்த இடமும் அவருக்குச் சொந்தமாவதில்லை.

2010இல் ட்வென்டே கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் நெதர்லாந்தின் லீக் பட்டத்தை வென்றிருந்த அணி அது. புதிய பயிற்சியாளராக வந்தவர் மிஷெல் ப்ருடொம், 1994 உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பர், லியேஜில் ஸ்டாண்டர்டைப் பெல்ஜிய சாம்பியனாக்கியவர். இரண்டாம் பிரிவிலிருந்து வந்த 21 வயது இளைஞர் சில மாதங்களிலேயே சாம்பியன்ஸ் லீக்கில் கோல் அடித்தார். அந்தக் குழுவில் இருந்த டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக லண்டனில் ஒன்று, சொந்த மைதானத்தில் ஒன்று. 2011 மே மாதம் ட்வென்டே, அயாக்ஸை 3-2 என வென்று நெதர்லாந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. ஒரு வாரம் கழித்து அதே அயாக்ஸிடம் தோற்று லீக் பட்டத்தை இழந்தது.

எந்த நாட்டுக்கு ஆடுவது?

குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை எல்லா நாட்டிலும் துரத்தும் கேள்வி இது. ஷாத்லிக்கு அது 2010 நவம்பரில் வந்தது. மொராக்கோ அழைத்தது. நவம்பர் 17 அன்று வட அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மொராக்கோவின் சட்டையோடு இறங்கினார். ஆட்டம் 1-1 என முடிந்தது.

மூன்று மாதம் கூட ஆகவில்லை, 2011 பிப்ரவரி 9 அன்று பின்லாந்துக்கு எதிராகப் பெல்ஜியத்தின் சட்டையை அணிந்தார். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு நாட்டோடும் உரிமை உள்ள ஒருவர் நட்புறவு ஆட்டத்தில் மட்டும் ஆடியிருந்தால் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி அது அவரைக் கட்டாது. அன்றைய விதிப்படி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று போன்ற அதிகாரபூர்வப் போட்டியில் இறங்கினால்தான் அந்த நாட்டோடு முடிச்சு விழுந்தது. வட அயர்லாந்து ஆட்டம் நட்புறவு ஆட்டம். 2011 மார்ச்சில் யூரோ தகுதிச் சுற்றில் பெல்ஜியத்துக்காக ஆடி, அதில் அஜர்பைஜானுக்கு எதிராகத் தன் முதல் கோலையும் அடித்தபோது முடிச்சு விழுந்துவிட்டது.

இதே காலத்தில் இதே ஊரில் நேர்மாறான கதை ஒன்றும் நடந்தது. மெஹ்தி கார்ஸெலாவும் லியேஜில் பிறந்தவர், ஸ்டாண்டர்டில் வளர்ந்தவர், தாய் மொராக்கோக்காரர், தந்தை ஸ்பானியர். அவர் முதலில் பெல்ஜியத்துக்கு நட்புறவு ஆட்டம் ஆடிவிட்டு 2011இல் மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தார். 2018இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் கார்ஸெலா மொராக்கோ அணியிலும் ஷாத்லி பெல்ஜிய அணியிலும் இடம்பெற்றிருந்தார்கள்.

இவர்களில் ஒருவரைப் பற்று மிக்கவர் என்றும் மற்றவரைப் பிழைக்கத் தெரிந்தவர் என்றும் பேசுவது நமக்குச் சரியாகப் படவில்லை. பிறந்து வளர்ந்த தெருவும் சொந்தம், வாப்பாவின் ஊரும் சொந்தம். சட்டை மட்டும்தான் ஒன்றைக் கேட்கிறது.

லண்டன், பர்மிங்காம் பக்கம்

2013 ஜூலையில் டாட்டன்ஹாம் ஷாத்லியை வாங்கியது. தனக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவரைப் பணம் கொடுத்து அழைத்துக்கொண்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தக் கோடையில்தான் கேரத் பேல் உலகச் சாதனைத் தொகைக்கு ரியல் மாட்ரிட் போனார். ஒருவருக்குப் பதில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள், அவர்களில் ஷாத்லியும் ஒருவர். பேலின் இடத்தை நிரப்பச் சொன்னால் யாரால் முடியும்? முதல் வருடம் லீக்கில் ஒரே ஒரு கோல்.

இரண்டாம் வருடம், 2014-15, அவருடைய கிளப் வாழ்க்கையின் உச்சம் என்று நாம் கருதுகிறோம். புதிய பயிற்சியாளர் மவ்ரீசியோ பொச்செட்டினோ அவரைத் தொடர்ந்து களம் இறக்கினார். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டு கோல், பரம எதிரியான ஆர்சனலின் மைதானத்தில் ஒன்று, 2015 புத்தாண்டு அன்று செல்சியை 5-3 என வீழ்த்திய ஆட்டத்தில் ஒன்று. லீக்கில் மொத்தம் 11 கோல்கள். அந்த வருடம் எல்லோரும் பேசியது ஹாரி கேன் என்ற புதிய பையனைப் பற்றி. அடுத்த வருடம் தென்கொரியாவின் சன் ஹியூங்-மின் வந்தார். ஷாத்லி மறுபடி பெஞ்சுக்குப் போனார்.

2016 ஆகஸ்டில் வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் அவரை வாங்கியது, அக்கிளப் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகைக்கு. வெஸ்ட் ஹாமுக்கு எதிரான 4-2 வெற்றியில் இரண்டு கோல் அடித்து, இரண்டு கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்தார். ஆனால் இரண்டாம் பருவம் முழுவதும் காயம். லீக்கில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடினார். கிளப் கடைசி இடத்துக்குச் சரிந்து பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேறியது. உலகக் கோப்பை நெருங்கியபோது அவர் நிலை இதுதான்: ஆட்டமில்லாத ஒரு வருடம், கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கிளப். யூரோ 2016 அணியில் ஏற்கெனவே அவரைச் சேர்த்திருக்கவில்லை. இந்த முறை பயிற்சியாளர் ரொபெர்டோ மார்ட்டினெஸ் 23 பேரில் ஒருவராக எடுத்தபோது பலர் புருவம் உயர்த்தியிருப்பார்கள்.

ரோஸ்தோவ், 2018 ஜூலை 2

அதற்கு முந்தைய உலகக் கோப்பையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும். 2014இல் பிரேசிலில் பெல்ஜியத்தின் முதல் ஆட்டம் அல்ஜீரியாவுடன். ஷாத்லி தொடக்கத்திலிருந்தே ஆடினார். இடைவேளையில் பெல்ஜியம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. அவரை வெளியே எடுத்துவிட்டு மெர்டென்ஸை இறக்கினார்கள். மாற்று ஆட்டக்காரர்களாக வந்த மர்வான் ஃபெல்லைனியும் மெர்டென்ஸும் கோல் அடித்து 2-1 என வென்று கொடுத்தார்கள். ஷாத்லி வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

நான்கு வருடம் கழித்து, ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில், கடைசி 16 அணிகளின் சுற்றில் ஜப்பான் எதிரணி. இடைவேளை முடிந்து ஏழு நிமிடத்துக்குள் ஹராகுச்சியும் இனுயியும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். 0-2. பெல்ஜியத்தின் 'பொற்காலத் தலைமுறை' என்று பத்திரிகைகள் எழுதிவந்த அணி வீட்டுக்குக் கிளம்பத் தயாரானது போலிருந்தது. 65ஆவது நிமிடத்தில் மார்ட்டினெஸ் மெர்டென்ஸையும் கராஸ்கோவையும் எடுத்துவிட்டு ஃபெல்லைனியையும் ஷாத்லியையும் அனுப்பினார். இந்த முறை வெளியே போனவர் மெர்டென்ஸ்.

69ஆவது நிமிடத்தில் வெர்டோங்கன் தலையால் முட்டிய பந்து எப்படியோ வளைந்து உள்ளே விழுந்தது. 74ஆவது நிமிடத்தில் ஃபெல்லைனி தலையால் முட்டி 2-2 ஆக்கினார். பிறகு இருபது நிமிடம் இரு பக்கமும் முயன்றும் ஒன்றும் ஆகவில்லை. கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் ஜப்பானுக்குக் கார்னர் கிக். பாதுகாப்பாக ஆடி நேரத்தைக் கடத்தியிருக்கலாம். ஜப்பான் ஆட்களை முன்னே அனுப்பி வெற்றி கோலைத் தேடியது. ஹோண்டா அடித்த பந்தைக் கோல்கீப்பர் கூர்ட்வா கையில் பிடித்தார், ஒரு நொடியும் தாமதிக்காமல் டி ப்ருய்னவின் காலுக்கு உருட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பத்து விநாடிக் கணக்கில்தான் சொல்ல முடியும். டி ப்ருய்ன பந்தோடு நடுக்களத்தைத் தாண்டினார். வலது ஓரத்தில் ஓடிய மூனியேவுக்குத் தள்ளினார். மூனியே அதைத் தாழ்வாகக் கோல் முன்னே அனுப்பினார். அங்கே லுக்காக்கு நின்றார், அணியின் முதன்மையான கோல் அடிப்பவர். அவர் அடிக்கவில்லை. பந்தைத் தன்னைக் கடந்து போகவிட்டார். தனக்குப் பின்னால் யாரோ வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் பாதியிலிருந்து முழு மூச்சாக ஓடிவந்த ஷாத்லி இடது காலால் அதை வலைக்குள் தட்டினார். 3-2. மறுபடி மையத்தில் வைத்து ஆடக்கூட நேரமில்லை.

அந்தப் படத்தை மறுபடி பார்ப்பவர்கள் ஷாத்லியின் கடைசித் தட்டலை விட, பந்து வரும் என்ற உத்தரவாதமே இல்லாமல் அவர் ஓடிய ஓட்டத்தைக் கவனிக்க வேண்டும். மூனியேவின் பந்து தடுக்கப்பட்டிருந்தாலும், லுக்காக்கு அடித்திருந்தாலும், அந்த ஓட்டத்தை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

உலகக் கோப்பையின் நாக்-அவுட் ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கிய அணி மீண்டு வென்றது 1970க்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று இங்கிலாந்தை வென்ற மேற்கு ஜெர்மனிக்குக் கூடுதலாக அரை மணி நேரம் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பெல்ஜியத்தின் மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர்கள், மொராக்கோவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், இருவரும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன், 2016 மார்ச் 22 அன்று, பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலும் மெட்ரோ ரயிலிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 32 அப்பாவிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அக்கொடுமைக்குப் பிறகு மொராக்கோ வம்சாவளியினர் வாழும் மோலன்பேக் போன்ற பகுதிகளே உலகச் செய்தியாகி, அங்கிருந்த சாதாரணக் குடும்பங்களும் சந்தேகப் பார்வைக்கு ஆளாயின. ஒரு கோல் அதையெல்லாம் துடைத்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அந்த உலகக் கோப்பையின்போதே லுக்காக்கு எழுதிய கட்டுரையில், தான் நன்றாக ஆடினால் பெல்ஜிய ஆட்டக்காரர் என்றும் சறுக்கினால் காங்கோ வம்சாவளி என்றும் பத்திரிகைகள் எழுதுவதை வேதனையோடு குறிப்பிட்டிருந்தார். ஷாத்லிக்குப் பந்தை விட்டுக்கொடுத்தவர் அவர்தான்.

காலிறுதியில் பிரேசில். மார்ட்டினெஸ் ஷாத்லியையும் ஃபெல்லைனியையும் தொடக்கத்திலிருந்தே இறக்கினார். ஷாத்லியின் கார்னர் கிக் பெர்னாண்டினியோவின் மீது பட்டு பிரேசிலின் வலைக்குள்ளேயே போனது. பெல்ஜியம் 2-1 என வென்றது. அரையிறுதிக்கு மூனியே தடையால் ஆட முடியாததால் வலது ஓரத்தை ஷாத்லி பார்த்துக்கொண்டார், பிரான்ஸிடம் 0-1 எனத் தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நான்காவது நிமிடத்திலேயே இடது ஓரத்திலிருந்து ஷாத்லி கொடுத்த பந்தை மூனியே கோலாக்கினார். ஷாத்லி காயத்தோடு முதல் பாதியிலேயே வெளியேறினார். முடிவு 2-0.

அதன் பிறகு

அதே ஆகஸ்டில் பிரான்ஸின் மொனாக்கோ அவரை வாங்கியது. 2017இல் பிரெஞ்சு சாம்பியனாக இருந்த அக்கிளப் அந்தப் பருவத்தில் 17ஆம் இடத்துக்கு விழுந்து, வெளியேற்றத்திலிருந்து நூலிழையில் தப்பியது. அடுத்த வருடம் கடனாக ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு, அதாவது பதின்பருவத்தில் விட்டுப்போன பெல்ஜியத்துக்குத் திரும்பினார். தன் நாட்டு லீக்கின் முதல் பிரிவில் அவர் ஆடியது அதுதான் முதல் தடவை. வயது முப்பது. அந்தப் பருவம் கொரோனாவால் பாதியில் முடிந்தது. 2020இல் துருக்கி சாம்பியனான இஸ்தான்புல் பஷாக்ஷெஹிரில் சேர்ந்தார்.

யூரோ 2020 போட்டிக்கும் மார்ட்டினெஸ் அவரை அழைத்தார். காலிறுதி மியூனிக்கில், இத்தாலிக்கு எதிராக. பெல்ஜியம் 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது 69ஆவது நிமிடத்தில் மூனியேவுக்குப் பதிலாக ஷாத்லி வந்தார். ரோஸ்தோவை நினைத்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஐந்து நிமிடம்தான். தசை பிடித்துக்கொண்டது, நொண்டியபடி வெளியேறினார். பெல்ஜியம் தோற்றது. அன்றைய தேதி 2021 ஜூலை 2. ஜப்பானுக்கு எதிரான கோலுக்குச் சரியாக மூன்று வருடம். பெல்ஜியச் சட்டையில் அவர் ஆடிய 66ஆவது ஆட்டம் அது, அதுவே கடைசியும் ஆயிற்று. அடித்த கோல்கள் எட்டு.

2022 நவம்பர் 27 அன்று கத்தாரில் மொராக்கோ பெல்ஜியத்தை 2-0 என வென்றது. மொராக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். ஸலீம் அமல்லாஹ், இல்யாஸ் ஷாயர், பிலால் எல் கன்னூஸ், அனஸ் ஸரூரி ஆகிய நால்வர் பெல்ஜியத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அன்று மாலை பிரஸ்ஸல்ஸில் ஆயிரக்கணக்கானோர் கொண்டாடினார்கள். சிலர் வாகனங்களுக்குத் தீ வைத்து அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தார்கள். இரண்டு நாட்டுக்கும் ஆடியிருந்த ஷாத்லி அந்த மைதானத்தில் இல்லை. அவருக்கு அப்போது 33 வயது. பெல்ஜியத்தின் முதல் பிரிவுக்கு அந்த வருடம்தான் ஏறியிருந்த வெஸ்டர்லோ என்ற சிறிய கிளப்பில் சில வாரங்களுக்கு முன்பு சேர்ந்திருந்தார்.